பிப்ரவரி 37: மின் அட்டை கணக்குப் பாடமான கதை

2023 பிப்ரவரி முதல் வாரம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று நாள்களாக வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தாள். வழக்கமாக அப்படி வருகிற பிள்ளை இல்லை. முதல் நாள் கேட்டபோது, "கரண்ட் இல்ல டீச்சர்" என்றாள். ஜவ்வாது மலையில் இது புதிய காரணம் அல்ல. காற்றடித்தால் மரம் சாயும், கம்பி அறும், ஓரிரண்டு நாள் இருட்டு. நானும் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அதே ஊரிலிருந்து வரும் இன்னொரு பையனின் நோட்டைப் பார்த்தேன். எல்லாக் கணக்கும் போட்டிருந்தான்.

"உங்க ஊர்ல கரண்ட் இருக்காடா?"

"இருக்கு டீச்சர். அவங்க வீட்டுக்கு மட்டும் ஃபியூஸ புடுங்கிட்டாங்க."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நான் எல்லார் முன்னிலையிலும் கேட்டிருக்கக் கூடாது.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளிப் போகும் சாலையில், பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நடந்து போகவேண்டிய ஊர். அப்பாவும் அம்மாவும் கர்நாடகத்தில் காபித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போயிருந்தார்கள். மார்கழிக்கு முன் போனால் மாசி முடிந்துதான் திரும்புவார்கள். வீட்டில் பாட்டியும் இவளும் மட்டும். மின் அட்டை எங்கே என்று கேட்டேன். குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றோடும் ஒரு தகர டப்பாவில் பத்திரமாக இருந்தது. பாட்டிக்கு அது பத்திரப்படுத்த வேண்டிய தாள் என்று தெரிந்திருக்கிறது. திறந்து பார்க்க வேண்டிய தாள் என்று தெரியவில்லை. கடைசி வரியில் ஜனவரி 12 என்று தேதி, 141 யூனிட், ரூ.92.

"எங்களுக்கு பில்லே வராதே டீச்சரம்மா" என்றார் பாட்டி. அட்டையைப் பின்னோக்கிப் புரட்டினேன். அவர் சொன்னது சரிதான். 68, 74, 81, 77. வரிசையாக எல்லாம் நூற்றுக்குள். தொகைக் கட்டத்தில் எல்லாம் பூஜ்யம்.

நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லாமல் கிடைப்பது 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. மலையில் பல வீடுகளுக்கு அதுவே போதும். அதனால் 'பில் கட்டுவது' என்ற பழக்கமே அந்த வீடுகளில் இல்லாமல் போய்விட்டது. ஏழு வருடம் பூஜ்யம் வந்த வீட்டுக்கு, எட்டாம் வருடம் ஒரு தடவை ரூ.92 வந்தால் அதைக் கவனிக்க யாரும் இல்லை. நேரத்துக்குக் கட்டாதவர்கள் எல்லாரும் காசில்லாதவர்கள் என்று நானும் அதுவரை நினைத்திருந்தேன். அந்தப் பாட்டியிடம் ரூ.92 இருந்தது. கட்ட வேண்டும் என்ற செய்திதான் இல்லை.

இணைப்பைத் திரும்பப் பெற அவர்கள் செலவழித்ததைக் கணக்கிட்டால் வயிறு எரிகிறது. ஊர்க்காரர் ஒருவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போனார். பேருந்துச் செலவு, சாப்பாடு, தாமதக் கட்டணம், மறு இணைப்புக் கட்டணம். ரூ.92 எங்கோ போய்விட்டது.

இதை ஒரு கணக்குப் பாடமாக நடத்தலாம் என்று தோன்றியது. எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் என்று ஒரு இயலே இருக்கிறது. அதில் வரும் தள்ளுபடி விலையும் கூட்டுவட்டியும் எங்கள் பிள்ளைகள் கண்ணால் காணாத கடைகளிலும் வங்கிகளிலும் நடப்பவை. மின் மீட்டர் அவர்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது.

முதல் நாள் நான் ஒரு தவறு செய்தேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். "நாளைக்கு எல்லாரும் வீட்டு மின் அட்டையைக் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். 26 பேரில் 17 பேர் கொண்டு வந்தார்கள். சிலருக்குப் பெற்றோர் தரவில்லை; 'தொலைச்சிட்டா யார் பதில் சொல்றது' என்று கேட்டது நியாயமே. ஒரு பையன் மட்டும் எதுவும் சொல்லாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் வீட்டுக்கு அட்டையே கிடையாது. பெரியப்பா வீட்டிலிருந்து ஒயர் இழுத்து இரண்டு பல்பும் ஒரு டி.வி.யும் ஓடுகின்றன. அதை இருபத்தைந்து பேர் முன்னால் சொல்லவைக்கிற ஒரு வீட்டுப்பாடத்தை நான் கொடுத்திருக்கிறேன்.

இந்தப் பாடத்தை நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: பிள்ளைகளின் அட்டையைக் கேட்காதீர்கள். அதில் பெயர், இணைப்பு எண், சில வீடுகளில் கைப்பேசி எண்கூட எழுதியிருக்கும். யார் வீட்டில் எவ்வளவு செலவாகிறது, யார் வீட்டில் நிலுவை என்பதெல்லாம் வகுப்பில் பேசுபொருளாகிவிடும். உங்கள் சொந்தப் பழைய அட்டையை எடுத்து, பெயரை மறைத்து நகல் எடுத்தால் போதும். நான் அடுத்த நாள் அப்படித்தான் செய்தேன்.

என் அட்டையிலும் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. வார நாள்களில் நான் மலையில் தங்குகிறேன், சனி ஞாயிறு போளூரில் என் வீட்டில். ஒருமுறை சனிக்கிழமை இரவு பையும் சாமானுமாக வீட்டைத் திறந்தால் விளக்கு எரியவில்லை. கடைசித் தேதி செவ்வாய்க்கிழமையே முடிந்திருந்தது. கணக்கு டீச்சர், நாளை எண்ணத் தெரியாமல் ஃபியூஸ் இழந்த கதையைச் சொன்னதும் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். அதன்பிறகுதான் பாடம் நகர்ந்தது.

முதலில் இணைப்பு எண். நீளமான எண்ணைப் பார்த்ததும் பிள்ளைகள் கோடி, பத்துக்கோடி என்று படிக்க ஆரம்பித்தார்கள். இது அப்படிப் படிக்கிற எண் அல்ல, முகவரி மாதிரி என்று சொன்னேன். முதல் இரண்டு இலக்கம் மண்டலம், அடுத்த மூன்று பிரிவு அலுவலகம், அதற்கடுத்த மூன்று பகிர்மானம், கடைசியில் வருவது நம் வீட்டின் எண். மாவட்டம், வட்டம், ஊர், கதவு எண் போல. ஒரே ஊர்ப் பிள்ளைகளின் எண்களில் முன்பகுதி ஒன்றாகவே இருக்கும் என்றதும், மாலையில் வீட்டுக்குப் போய் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இதில் ஒரு இலக்கம் தவறினால் பக்கத்து வீட்டுக்காரர் பில்லை நாம் கட்டிவிடுவோம். கைப்பேசியில் கட்டும்போது எண்ணைப் போட்டதும் இணைப்புதாரர் பெயர் வரும். அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த பொத்தானை அழுத்த வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆறாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய சரிபார்ப்பு இது.

அடுத்தது தேதி. இதில்தான் அதிக நேரம் செலவிட்டேன், செலவிட்டது வீண்போகவில்லை. ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள்களுக்குள் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு இணைப்பைத் துண்டிக்கலாம். "பிப்ரவரி 17 அன்று ரீடிங் எடுத்தால் கடைசி நாள் எது?" என்று கேட்டேன். முன்வரிசையிலிருந்து உரத்த குரலில் பதில் வந்தது: "பிப்ரவரி 37 டீச்சர்!"

சிரித்து அடக்கிவிட மனமில்லை. பதினேழும் இருபதும் முப்பத்தேழு, கூட்டல் சரி. கரும்பலகையில் 'பிப்ரவரி 37' என்று எழுதிவைத்துவிட்டு, இந்த நாள் காலண்டரில் எந்தத் தாளில் இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்றேன். வகுப்பில் தினசரி கிழிக்கும் காலண்டர் ஒன்று தொங்கியது. ஒருவன் போய்த் தாள்களை எண்ணினான். இன்னொருத்தி 37-இலிருந்து 28-ஐக் கழித்தாள். இருவருக்கும் மார்ச் 9 வந்தது. 2024-இல் என்ன ஆகும் என்று கேட்டதும் சற்று நேரம் அமைதி. பிறகு, "லீப் வருஷம் டீச்சர், மார்ச் 8." ஆறாம் வகுப்பு அளவைகள் பாடத்தில் நடத்திய நாள் கணக்கு அங்கே வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு ஜனவரி 12-ஐக் கொடுத்தேன். 32, அதாவது பிப்ரவரி 1. எந்த வீட்டு அட்டை என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

இரண்டு மாதச் சுழற்சி என்பது நினைவில் நிற்காத ஒன்று. கூலி வாரத்துக்கு, ரேஷன் மாதத்துக்கு, சந்தை வாரத்துக்கு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது மின் கட்டணம் மட்டும்தான். கர்நாடகத்தில் வீட்டு மின் கட்டணம் மாதந்தோறும். அங்கே வேலைக்குப் போய் வந்த அப்பா ஒருவர், "அங்க மாசாமாசம் வர்றதால மறக்கறதில்ல" என்று சொன்னதாக மகன் சொன்னான். கவனிக்க வேண்டிய பேச்சுதான். ஆனால் ஒரு பகிர்மானத்தில் உள்ள வீடுகளுக்கு ரீடிங் ஒற்றைப்படை மாதத்திலோ இரட்டைப்படை மாதத்திலோ ஒருசேர வரும். ஆகவே ஊருக்கு ஒரு பிள்ளை கவனித்தாலே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். எங்கள் பிள்ளைகள் கண்டுபிடித்த வழி எளிமையானது. ரீடிங் எடுக்க வருகிறவர் வந்து போன அன்றே தினசரி காலண்டரில் இருபது தாள் எண்ணி, அந்தத் தாளின் மேல் மஞ்சள் தடவிவிடுவது. சிலர் பதினைந்தாவது தாளிலேயே தடவினார்கள். 'கடைசி நாள் மழை வந்தா?' என்பது அவர்கள் வாதம். மலையில் வாழ்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

யூனிட்டுக்கு வருவோம். 1000 வாட் கருவி ஒருமணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இது அறிவியல் ஆசிரியர் நடத்துவது, கணக்குக்கும் சொந்தம். 60 நாளுக்கு 100 யூனிட் என்றால் ஒரு நாளுக்கு ஒன்றே முக்கால் யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. 9 வாட் எல்.இ.டி. பல்ப் நாளுக்கு 5 மணி நேரம் எரிந்தால் 60 நாளில் 2.7 யூனிட். அதே இடத்தில் பழைய 60 வாட் குண்டு பல்ப் என்றால் 18. 75 வாட் மின்விசிறி 8 மணி நேரம் ஓடினால் 36. நம் மலையில் விசிறி அதிகம் ஓடாது. பிறகு அந்த வீட்டில் எப்படி 141 வந்தது?

இந்தக் கேள்வியைப் பெயர் சொல்லாமல் 'ஒரு வீடு' என்று போட்டேன். முந்தைய தடவை 77, இந்தத் தடவை 141. கூடுதல் 64. என்ன புதிதாக வந்திருக்கும்? டி.வி. என்றார்கள், கிரைண்டர் என்றார்கள். ஒருவன் ஃபிரிட்ஜ் என்றான். அந்தப் பெண் மெதுவாகக் கையைத் தூக்கினாள். "தண்ணியில போடற கம்பி ஹீட்டர் டீச்சர்." மார்கழிக் குளிருக்குப் பாட்டி வெந்நீரில் குளிக்கட்டும் என்று அப்பா போகும்போது வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 1500 வாட். தினமும் அரைமணி நேரம் என்றால் 60 நாளில் 45 யூனிட். முக்கால் மணி என்றால் 67.5. வகுப்பே கணக்குப் போட்டு முடித்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தது. தன் வீட்டு இருட்டுக்கான காரணத்தை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

தொகை கணக்கிட, அப்போது நடப்பில் இருந்த கட்டண விகிதத்தை எடுத்துக்கொண்டோம். 2022 செப்டம்பர் 10 முதல் வந்த விகிதம் அது. முதல் 100 இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, 201 முதல் 400 வரை ரூ.4.50, 401 முதல் 500 வரை ரூ.6. 41-ஐ 2.25-ஆல் பெருக்கினால் 92.25. அட்டையில் ரூ.92. பின்னர் விகிதங்கள் மாறியிருப்பதால் நீங்கள் நடத்தும்போது அன்றைய விகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முறை ஒன்றுதான்.

இந்த விகிதத்தில் கணக்கு ஆசிரியருக்குப் பிடித்த ஒரு பள்ளம் இருக்கிறது. 500 யூனிட் வந்தால் 225, 900, 600 சேர்ந்து ரூ.1,725. 510 வந்தால்? பத்து யூனிட்தானே, எண்பது ரூபாய் கூடும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் 500-ஐத் தாண்டியவர்களுக்கு 101 முதல் 200 வரையான சலுகை கிடையாது, அதற்கும் ரூ.4.50. ஆக 1,350, 600, 80 சேர்ந்து ரூ.2,030. பத்து யூனிட்டுக்கு ரூ.305. எங்கள் பிள்ளைகளின் வீடுகளுக்கு இது தேவைப்படாது. ஆனால் ஆசிரியர் ஓய்வறையில் இதைச் சொன்னபோது மூன்று பேர் தங்கள் அட்டையைத் தேடினார்கள்.

அவர்களுக்குத் தேவைப்படுவது இன்னொரு கணக்கு. பெற்றோர் வேலைக்குப் போய் வீடு பூட்டியிருந்து, மீட்டரும் உள்ளே இருந்தால் ரீடிங் எடுக்க முடியாது. முந்தைய கணக்கை வைத்து ஒரு தொகை போடுவார்கள், பிறகு சரிசெய்வார்கள். 2020 ஊரடங்கில் மாநிலம் முழுவதும் இப்படித்தான் நடந்தது. ரீடிங் எடுக்க ஆள் வர முடியாததால் முந்தைய தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு மொத்த ரீடிங்கை எடுத்து, இரண்டு சுழற்சிகளாகப் பிரித்துக் கணக்கிட்டார்கள். பிரிப்பது ஏன் முக்கியம்? நான்கு மாதத்துக்கு 300 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரே சுழற்சியாகப் போட்டால் ரூ.675. இரண்டு 150-ஆகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ரூ.112.50, மொத்தம் ரூ.225. இதைப் போட்டுப் பார்த்த பிறகு பிள்ளைகள் அட்டையில் தொகையை மட்டும் பார்ப்பதில்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்றும் பார்க்கிறார்கள்.

இனி, கட்டும் வழிகள். அலுவலகக் கவுன்ட்டர், இ-சேவை மையம், மின் வாரியத்தின் இணையதளமும் செயலியும், யு.பி.ஐ. செயலிகள். (வாரியம் என்று பழக்கத்தில் சொல்கிறேன். அன்று தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம், இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம்.) சமவெளியில் இருப்பவருக்கு இத்தனை வழியும் வழிதான். மலையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. கவுன்ட்டருக்குப் போனால் ஒருநாள் கூலி. ஆகவே சந்தைக்கோ மருத்துவமனைக்கோ போகிற நாளோடு அதைச் சேர்க்க வேண்டும். கைப்பேசியில் கட்ட சிக்னல் வேண்டும். எங்கள் பிள்ளைகளின் ஊர்களில் சிக்னல் கிடைக்கும் இடம் என்று ஒரு பாறையோ மேடோ இருக்கிறது. அங்கே பாதியில் சிக்னல் போனால் பணம் போனதா இல்லையா என்று தெரியாது. உடனே மறுபடி கட்டக் கூடாது. முதலில் வங்கிக் கணக்கில் பணம் கழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ரசீது எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கழிந்தும் பதிவாகாவிட்டால் கேட்பதற்கு ஒரு எண் வேண்டும். மின்னகம் என்ற நுகர்வோர் சேவை மையம் 2021 ஜூனில் தொடங்கப்பட்டது. அதன் எண் 94987 94987. ஐந்து இலக்கம் இரண்டு தடவை என்பதால் பிள்ளைகள் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

வெளியூருக்கு வேலைக்குப் போகிற குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது முன்பணம். போவதற்கு முன் ஒரு தொகையைக் கட்டி வைத்தால் அடுத்தடுத்த பில்கள் அதிலிருந்து கழிந்துகொள்ளும். இப்படி ஒரு வசதி இருப்பது எங்கள் பள்ளியில் எனக்கும் சேர்த்து யாருக்கும் தெரியவில்லை. இணைப்பு எண்ணோடு கைப்பேசி எண்ணைப் பதிவு செய்துவிட்டால், காபித் தோட்டத்தில் இருக்கிற அப்பாவுக்கே குறுஞ்செய்தி போகும். அவரே அங்கிருந்து கட்டலாம். தென்னாப்பிரிக்காவில் ஏராளமான வீடுகளில் பில்லே கிடையாது, முன்கூட்டியே காசு கட்டி மீட்டரில் எண்ணைப் பதிந்தால்தான் மின்சாரம் வரும் என்று சொன்னேன். "ரீசார்ஜ் மாதிரியா டீச்சர்? அப்ப காசு தீர்ந்தா ராத்திரியில நின்னுடுமே" என்றாள் ஒருத்தி. எது நல்லது என்று அன்று அரைமணி நேரம் சண்டை. முடிவு எட்டவில்லை.

குறுஞ்செய்தி என்றதும் மோசடியைச் சொல்லாமல் விட முடியாது. 2022-இல் நாடு முழுக்க ஒரு செய்தி சுற்றியது. 'போன மாத பில் கட்டப்படவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழைக்கவும்.' என் கைப்பேசிக்கும் வந்தது. அதைக் கரும்பலகையில் எழுதி, இதில் என்ன இல்லை என்று கேட்டேன். இணைப்பு எண் இல்லை என்றார்கள். ரீடிங் தேதி இல்லை, தொகை இல்லை, அனுப்பியது சாதாரணக் கைப்பேசி எண் என்றும் அடுக்கினார்கள். ஒருவன் எழுந்து, "நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு பில்லு. 'போன மாச பில்லு'னு எப்படி டீச்சர் வரும்?" என்றான். எனக்கு அது தோன்றவே இல்லை. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும் என்பதையும் அட்டைக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டினோம்.

பாடம் நன்றாகப் போனது என்று மகிழ்ந்திருந்த வேளையில் ஒரு சிக்கல் முளைத்தது. கைப்பேசி கையாளத் தெரிந்த ஒரு மாணவன் ஊரில் ஐந்து வீட்டுக்குப் பில் கட்டித் தர ஆரம்பித்திருந்தான். பெருமையாகச் சொன்னான். எப்படிக் கட்டுகிறாய் என்றால், அந்த ஐந்து வீட்டுக்காரர்களின் ரகசிய எண்ணும் அவனுக்குத் தெரியும். எனக்குப் பகீரென்றது. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் ஐந்து குடும்பத்தின் வங்கிக் கணக்கு. நாளை ஒரு கணக்கில் நூறு ரூபாய் குறைந்தாலும் பழி யார்மேல் விழும்? அவனைத் திட்டவில்லை. ஊர்க்காரர்கள்தான் நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசினோம். பிள்ளைகள் அட்டையைப் படித்துச் சொல்லட்டும், நாள் எண்ணட்டும், பெயர் சரியா என்று பார்க்கட்டும். ரகசிய எண்ணைப் பெரியவர்கள் தம் விரலால் அழுத்தட்டும். அந்த ஐந்து பேரும் எண்ணை மாற்றிக்கொண்டார்கள். அவனுக்குச் சற்று வருத்தம்தான்.

பெரியப்பா வீட்டிலிருந்து ஒயர் இழுத்த பையனைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. பாடம் முடியும் தறுவாயில் அவன் தனியாக வந்தான். "அட்டை இல்லாதவங்க எப்படி டீச்சர் நேரத்துக்குக் கட்டறது?" அவர்கள் கட்டாமல் இல்லை. பில் வரும்போதெல்லாம் பெரியப்பாவிடம் பாதிப் பணம் கொடுக்கிறார்கள். பெரியப்பா வீட்டு அட்டையில் எவ்வளவு வருகிறது என்று கேட்டேன். 180 யூனிட் அளவில் வருகிறதாம், ரூ.180. அப்பா 90 கொடுப்பார்.

"ரெண்டு வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் இருந்தா எவ்வளவு வரும், போட்டுப் பாரு" என்றேன்.

அங்கேயே நின்று போட்டான். இரண்டு வீடும் கிட்டத்தட்ட ஒரே அளவு செலவழிக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 90. நூற்றுக்குள். இரண்டு பேருக்கும் பூஜ்யம். அவன் திரும்பவும் கூட்டிப் பார்த்தான். ஒரே மீட்டராக இருப்பதால்தான் இரு வீடும் சேர்ந்து ரூ.180 கட்டுகின்றன. ஒரு வீட்டு இணைப்பிலிருந்து இன்னொரு வீட்டுக்கு இப்படி ஒயர் இழுப்பது விதிப்படியும் கூடாது, மழைக்காலத்தில் ஆபத்தும்கூட என்று சொன்னேன். அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை. கணக்குத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தத் தாளை வீட்டில் காட்டியிருக்கிறான். பெரியப்பா, "அப்ப ரெண்டு அட்டை இருந்தா எனக்கும் பூஜ்யமா?" என்று கேட்டாராம். அடுத்த வாரம் அவன் அப்பா பள்ளிக்கு வந்து, புதிய இணைப்புக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று விசாரித்தார். ஆதார், அடையாளச் சான்று எல்லாம் இருக்கிறது. வீடு அவர் பெயரில் என்பதற்குக் காட்ட ஒன்றும் இல்லை. தாத்தா காலத்து நிலம், பிரிக்கப்படவில்லை. கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். போயிருக்கிறார், திரும்பவும் வரச் சொல்லியிருக்கிறார்கள். பையன் இப்போது பத்தாம் வகுப்பு. பில் வரும் மாதங்களில் பெரியப்பா அட்டையின் ரீடிங்கை ஒரு நோட்டில் எழுதி, தனி மீட்டர் இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைக்கிறான்.